நூற்றிருபது நாற்காலியும் எழுபது டன் டாங்கியும்

120 நாற்காலி போதும் என்றுதான் முதலில் கேட்டார்கள்.

கேட்டவர் யார்? அமெரிக்க இராணுவத்தார். கேட்ட இடம் எது? வாஷிங்டன் தலைநகரின் நடுவே கிடக்கும் பொதுத் திடலைக் காக்கும் தேசியப் பூங்கா இலாகா. கேட்ட காலம் 2024 ஜூன் மாதம். 1775 ஜூன் 14-இல் பிறந்த தங்கள் படைக்கு 250 ஆண்டு நிறைகிறது. திடலிலே விழாவொன்று வைத்துக் கொள்கிறோம். படையினரும் சிப்பந்திகளுமாக 300 பேர் வருவார்கள், இராணுவ இசைக் குழு வாசிக்கும், பீரங்கி நாலு முழங்கும், விருந்தினருக்கு 120 நாற்காலி போடுவோம் என்பதுதான் அந்த மனு. நம் ஊரிலே வாசக சாலை ஆண்டு விழாவுக்குப் போடுகிற நாற்காலிகூட இதைவிடக் கொஞ்சம் அதிகமிருக்கும்.

ஓராண்டு உருண்டது. 2025 ஜூன் 14, சனிக்கிழமை. அந்தத் திடலை ஒட்டிய கான்ஸ்டிட்யூஷன் அவென்யூ என்ற இராஜ வீதியிலே உருண்டதோ நாற்காலியல்ல, ஏப்ராம்ஸ் டாங்கி! ஒன்றின் எடை சுமார் 70 டன். அப்படி 28. அதற்குத் துணையாகப் பிராட்லி கவச வண்டி 28, ஸ்டிரைக்கர் வண்டி 28. எல்லாமாக வண்டிகள் 150 அளவிலே, வானத்திலே விமானங்களும் ஹெலிகாப்டர்களும் 50 அளவிலே, நடந்து வந்த சிப்பாய்கள் 6,000-க்கு மேலே. செலவு? இரண்டரைக் கோடி டாலரிலிருந்து நாலரைக் கோடி டாலர் வரை ஆகலாம் என்று இராணுவத்தாரே முன்கூட்டிக் கணக்குச் சொன்னார்கள். சாலை பெயர்ந்தால் செப்பனிட மட்டும் ஒரு கோடியே அறுபது இலட்சம் டாலர் வரை வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள்.

நாற்காலி எப்படி டாங்கியாயிற்று? இடையிலே நடந்தது ஒன்றே ஒன்று. 2025 ஜனவரியிலே வெள்ளை மாளிகைக்கு டொனால்டு டிரம்ப் திரும்பி வந்தார். ஜூன் 14 அவருக்கும் பிறந்த நாள்! அன்று அவருக்கு வயது 79. "அன்று கொடி நாளுமல்லவா, அதைக் கொண்டாடுகிறோம்" என்று சொல்லிப் பார்த்தார். இருக்கட்டும். கொடி நாள் ஆண்டுதோறும் ஜூன் 14-இல்தான் வருகிறது. டாங்கி மட்டும் ஆண்டுதோறும் வருவதில்லை.

ஆசை புதிதுமல்ல. 2017 ஜூலை 14-இல் பாரிஸ் நகரத்துப் படை அணிவகுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது தொற்றிக்கொண்ட ஆசை அது. 2018-இல் நடத்தத் திட்டம் போட்டார்கள். மதிப்பீடு 9 கோடியே 20 இலட்சம் டாலர் என்று ஏறியதும், அந்த ஆகஸ்டிலே கைவிட்டார்கள். "உள்ளூர் அரசியல்வாதிகள் அதிகம் கேட்டுவிட்டார்கள்" என்று பழியை நகர நிர்வாகத்தின் தலையிலே போட்டார் டிரம்ப். 2019 ஜூலை 4-இல் லிங்கன் மண்டபத்தின் எதிரே டாங்கிகளை நிறுத்தி வைத்து ஒரு விழா நடத்தி ஆசையைப் பாதி தணித்துக் கொண்டார். அதற்கே 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு மேலாயிற்று என்று அந்நாட்டுத் தணிக்கைத் துறை பிறகு கணக்கு எழுதிற்று.

இதைச் சொல்லும்போதே நம்மைப் பார்த்து ஒரு கேள்வி வரும். "ஏனப்பா, படை வைத்திருக்கிற நாடு படைக்கு விழா எடுக்கக் கூடாதா? சிப்பாய் என்றால் உங்களுக்கு இளக்காரமா?" என்று.

இல்லை, தோழர்களே! சிப்பாய் நம்மவன். ஏர் பிடித்த கை, சுத்தியல் பிடித்த கை. வேலை கிடைக்காமல் துப்பாக்கி பிடித்த கை. எந்த நாட்டிலும் இதுதான் கதை. அந்த அணிவகுப்புக்கு வந்த சிப்பாய்களும் வாஷிங்டனிலே மாளிகையிலா தங்கினார்கள்? அரசாங்க அலுவலகக் கட்டடங்களுக்குள்ளே மடக்குக் கட்டில் போட்டுப் படுத்தார்கள். அவர்கள் மீது நமக்கென்ன கோபம்? 1865 மே மாதம், அடிமைத்தனத்தை ஒழித்த உள்நாட்டுப் போர் முடிந்தபோது, இதே நகரிலே இரண்டு நாள் தொடர்ந்து சுமார் ஒன்றரை இலட்சம் வீரர் அணிவகுத்தனர். போர் முடிந்தது, வீடு திரும்புகிறோம் என்ற மகிழ்ச்சி அது. (அந்த மகிழ்ச்சியிலும் ஓர் ஓட்டை: அதே போரிலே இலட்சத்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பின வீரர்கள் போராடியிருந்தும், அவர்களுடைய படைப் பிரிவுகளுக்கு அந்த அணிவகுப்பிலே இடமில்லை. உயிரைக் கொடுக்க வரிசை உண்டு, ஊர்வலத்துக்கு வரிசை இல்லை! வருணாசிரமம் என்ற சொல் அங்கே இல்லை, அவ்வளவுதான்.) 1991 ஜூன் 8-இலும் வளைகுடாப் போர் முடிந்து 8,000 பேருக்கு மேல் நடந்தார்கள். போர் முடிந்து வந்தவனுக்கு மாலை போடுவது மனித இயல்பு.

2025-இலே எந்தப் போர் முடிந்தது? யார் வீடு திரும்பினார்? படையின் வயது 250 ஆயிற்று. தலைவரின் வயது 79 ஆயிற்று. இதைத் தவிர வேறில்லை.

நாம் இங்கே எடுத்துக்கொண்டது அணிவகுப்பை அல்ல, அந்தப் பர்மிட்டை. பொது நிலத்திலே கூட அனுமதிக்கிற அந்தக் காகிதத்தை. பொதுக் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி கேட்டுப் போலீஸ் நிலையத்து வாசலிலே கால் கடுக்க நின்ற நம் தோழர்களுக்கு அந்தக் காகிதத்தின் கனம் தெரியும். 144 என்ற எண்ணை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாஷிங்டன் திடல் சட்டத்தை முதலில் நேர்மையாகவே சொல்லிவிடுவோம். 25 பேர் வரை கூடிக் கண்டனம் தெரிவிக்கப் பர்மிட் வேண்டியதில்லை. அதற்கு மேலானால் வேண்டும். 48 மணி நேரத்துக்கு முன்பே மனுச் செய்யவேண்டும். மனுக் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மறுக்காவிட்டால், கொடுத்ததாகவே பொருள். முதலில் வந்தவருக்கு முதல் இடம். காகிதத்திலே பார்த்தால் நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. அந்நாட்டு மக்கள் போராடிப் போராடி, நீதிமன்றப் படி ஏறி ஏறிச் சம்பாதித்த சட்டம். ஆனால் சில 'தேசிய விழாக்களுக்கு' மட்டும் வரிசை கிடையாது. பதவியேற்பு விழா போன்றவற்றுக்கு இடம் முன்பே ஒதுக்கியாகிவிடும். 2005-இல் பதவியேற்பு விழாக் குழுவினருக்கு விதியைத் தளர்த்திவிட்டு, எதிர்த்து நிற்க வந்தவர்களை ஓரம் கட்டியது பேச்சுரிமைக்கு மாறானது என்று 2008-இல் ஒரு நீதிபதி தீர்ப்பே சொன்னார். பிறகு விதியைத் திருத்தி எழுதினார்கள். ஒதுக்கீடு செல்லும் என்று 2017-இல் மேல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2018-இல் டிரம்ப் ஆட்சி மேலும் ஓர் அடி எடுத்து வைத்தது. வெள்ளை மாளிகை முன்னுள்ள நடைபாதையில் பெரும் பகுதியை ஆர்ப்பாட்டத்துக்கு அடைக்கலாம், ஆர்ப்பாட்டம் செய்ய வருபவரிடமே காவல் செலவு, துப்புரவுச் செலவு வசூலிக்கலாமா என்று யோசிக்கலாம் என்று ஒரு நகல் விதி வெளியிட்டார்கள். எதிர்த்துக் குரல் கொடுக்கக் கட்டணம்! 1,40,000-க்கு மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. 2019-இல் விதியைச் சுருட்டி வைத்துக்கொண்டார்கள். கண்டனம் செய்ய வரும் ஏழை, கொடி கட்டக் கயிறு வாங்கிய மிச்சத்தில் துப்புரவுக் கூலியும் கட்டவேண்டும் என்று எண்ணியவர்கள், 70 டன் டாங்கிக்குச் சாலை செப்பனிடும் செலவைப் பொதுப் பணத்தில் எழுதிக்கொண்டார்கள்.

இந்தத் திடலிலும் இதைச் சுற்றியும் ஏழைக்கு என்ன நேர்ந்தது என்ற கதையைக் கொஞ்சம் புரட்டுவோம்.

1894. கடும் வேலையில்லாத் திண்டாட்டம். ஒஹாயோ மாநிலத்து மாசிலான் ஊரிலிருந்து ஜேக்கப் காக்ஸி என்பவர், வேலையற்றோரைத் திரட்டிக்கொண்டு தலைநகருக்கு நடந்தார். கேட்டது என்ன? தங்கப் பாளமா? "நாட்டிலே நல்ல சாலைகள் இல்லை, எங்களுக்கோ வேலை இல்லை; சாலை போடும் வேலையைக் கொடுங்கள், கூலி கொடுங்கள்" என்பதுதான். மே தினத்தன்று பாராளுமன்றக் கட்டடத்து வாசலை அடைந்தார்கள். காக்ஸி வாய் திறந்து பேசுமுன்னே பிடித்தார்கள். குற்றம் என்ன தெரியுமா? புல் தரையை மிதித்த குற்றம்! 20 நாள் சிறை. சாலை போட வேலை கேட்டவன் புல்லை மிதித்தான் என்று சிறை. சாலையைப் பெயர்க்கும் வண்டிக்கு 131 ஆண்டு கழித்து எஃகுத் தகடு விரித்து வரவேற்பு. (தகடு விரித்ததும், டாங்கியின் சங்கிலிக்கு ரப்பர் பட்டை கட்டியதும் பெருமளவு சாலையைக் காப்பாற்றின என்கிறார்கள். நல்லது.)

1932-இன் கதையைத்தான் நிறுத்திச் சொல்லவேண்டும். ஏனெனில் அது வேலையற்றோர் கதை மட்டுமல்ல, அந்தப் படையின் சொந்தக் கதை. 250-ஆம் பிறந்த நாள் மேடையிலே யாரும் வாய் திறக்க விரும்பாத கதை.

முதல் உலகப் போரிலே போராடிய சிப்பாய்களுக்கு, உள்நாட்டிலே பணி செய்த நாளுக்கு ஒரு டாலர், கடல் கடந்து பணி செய்த நாளுக்கு ஒன்றேகால் டாலர் என்ற கணக்கிலே போனஸ் தருவதாக 1924-இல் சட்டம் செய்தார்கள். கையிலே காசு கொடுக்கவில்லை, காகிதம் கொடுத்தார்கள். காகிதத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய ஆண்டு 1945! தோழர்களே, போனஸ் என்றால் என்னவென்று உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. "இருபத்தொரு ஆண்டு கழித்து வந்து வாங்கிக்கொள்" என்று ஒரு மில் முதலாளி சொன்னால் வாயிற் கூட்டத்திலே என்ன நடக்கும்?

1929-இலே பொருளாதாரம் சரிந்தது. ஆலைகள் மூடின. வீடு போயிற்று, நிலம் போயிற்று. 1932 கோடையிலே அந்தப் பழைய சிப்பாய்கள் மனைவி மக்களோடு, சரக்கு ரயிலிலே தொற்றிக்கொண்டும் நடந்தும், தலைநகர் வந்து சேர்ந்தனர். சுமார் 20,000 பேர். அனகாஸ்டியா ஆற்றங்கரைச் சதுப்பு நிலத்திலே தகரமும் அட்டையும் பழம்பலகையும் கொண்டு குடிசை போட்டனர். கறுப்பனும் வெள்ளையனும் பக்கத்துப் பக்கத்துக் குடிசையிலே படுத்தனர். ஒரே வரிசையிலே நின்று கஞ்சி வாங்கினர். படையிலிருந்தவரை அவர்களைப் பிரித்தே வைத்திருந்த நாட்டிலே, பட்டினி ஒன்றாக்கிற்று. ஜூன் 15-இல் கீழ்ச்சபை போனஸ் மசோதாவை நிறைவேற்றிற்று. ஜூன் 17-இல் மேல்சபை தள்ளிற்று. பலர் போகவில்லை. போக எங்கே வீடு?

ஜூலை 28. போலீஸ் துப்பாக்கிக்கு முன்னாள் வீரர் இருவர் பலி. அன்று பிற்பகலே படை வந்தது. தலைமை தாங்கியவர் ஜெனரல் மக்கார்தர். குதிரைப் படை, துப்பாக்கி முனைக் கத்தியோடு காலாட்படை, கண்ணீர்ப் புகை, ஆம், டாங்கிகளும்! பென்சில்வேனியா அவென்யூ வழியே வந்தன. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த முன்னாள் சிப்பாய்கள், படை தங்களுக்கு மரியாதை செய்ய வருகிறது என்று எண்ணிக் கை தட்டினார்களாம்! கத்தி முனை தங்கள் பக்கம் திரும்பிய பிறகுதான் விளங்கிற்று. இரவு அனகாஸ்டியா குடிசைகள் எரிந்தன. நவம்பர் தேர்தலிலே ஜனாதிபதி ஹூவர் வீட்டுக்குப் போனார். 1936-இலே, அடுத்து வந்த ரூஸ்வெல்ட்டின் தடையாணையையும் மீறிப் பாராளுமன்றம் போனஸைக் கொடுத்தது.

படையின் பெருமை பேசுகிற மேடையிலே இதையும் சொன்னால் என்ன குறைந்துவிடும்? இராணுவ இசைக் குழு ஒரு நிமிடம் மௌனம் காத்திருக்கலாம்.

1968. அறிஞர் அண்ணா யேல் பல்கலைக் கழக அழைப்பின் பேரில் அமெரிக்கா சென்று வந்த ஆண்டு. ஏப்ரல் 4-இலே மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் திட்டமிட்டிருந்த 'ஏழை மக்கள் இயக்கத்தை' அவர் தோழர்கள் நடத்தினர். பூங்கா இலாகாவிடம் பர்மிட் வாங்கி, மேற்குப் போடோமாக் பூங்காவிலே, லிங்கன் மண்டபத்தை அடுத்த நிலத்தில், மரப் பலகைக் குடில்கள் போட்டனர். 'உயிர்த்தெழுந்த நகரம்' என்று பெயர் வைத்தனர். கறுப்பர், செவ்விந்தியர், மெக்சிகோ வழி வந்தோர், ஏழை வெள்ளையர் எல்லோரும் இருந்தனர். மழை பெய்தது, நகரம் சேறாயிற்று. ஜூன் 23-இல் பர்மிட் காலாவதி. ஜூன் 24-இல் போலீஸ் நுழைந்தது. எஞ்சியிருந்தவர்களைக் கைது செய்தது. குடில்களைப் பிரித்துப் போட்டது. அதற்கு மேல் நீட்டிக்க மனமில்லை. விதி என்றால் விதிதானே!

1982-இலே வீடற்றோர் நிலையைக் காட்ட, குளிர் காலத்திலே வெள்ளை மாளிகை எதிரிலுள்ள லஃபாயெட் பூங்காவிலும் பெருந்திடலிலும் கூடாரம் போட ஓர் அமைப்பினர் மனுக் கொடுத்தனர். பூங்கா இலாகா என்ன செய்தது தெரியுமா? கூடாரம் போடலாம் என்று பர்மிட் கொடுத்தது. உள்ளே தூங்கக் கூடாது என்றது! வீடற்றவன் கூடாரத்திலே உட்காரலாம், படுத்துக் கண்ணை மூடினால் குற்றம். வழக்கு உச்ச நீதிமன்றம் போயிற்று. 1984-இலே ஏழு நீதிபதிகள் "தூக்கத் தடை செல்லும்" என்றனர். இருவர் மறுத்தனர். மறுத்தவருள் ஒருவர் தர்குட் மார்ஷல், அந்த மன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அது தற்செயலாக இருக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை.

இனி மறுபடி 2025-க்கு வருவோம்.

அணிவகுப்புக்கு முன்னே, டெக்சாஸ் மாநிலத்திலிருந்து ரயிலேறி வந்த டாங்கிகளை எங்கே கொண்டு வந்து நிறுத்தினார்கள்? அதே மேற்குப் போடோமாக் பூங்காவிலே! 1968-இல் ஏழையின் குடில்களைப் பிரித்துப் போட்ட அதே பூங்கா. விழாவுக்கு உதவிய கம்பெனிகளின் பட்டியலிலே லாக்ஹீட் மார்ட்டின் என்ற ஆயுதக் கம்பெனியும், பலண்டிர், காயின்பேஸ் போன்ற கணினிக் காலத்துக் கோடீசுவரக் கம்பெனிகளும் இருந்தன. அந்த நிலத்தைக் காக்கும் பூங்கா இலாகாவிலோ, அதே ஆண்டு பிப்ரவரியிலே சுமார் 1,000 ஊழியரை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். பலரைத் திரும்ப எடுக்கும்படி நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. முன்னாள் படை வீரருக்கு மருத்துவமும் உதவியும் தரும் இலாகாவிலே 80,000 பேரைக் குறைக்கும் திட்டம் மார்ச்சிலே வெளிப்பட்டது. ஜூலையிலே அதைச் சுமார் 30,000 என்று சுருக்கினார்கள். வீரனுக்கு விழா, வீரனைப் பார்க்கும் தாதிக்குச் சீட்டு!

அந்த நகரத்து மக்களிடம் யாராவது கேட்டார்களா? மாநில உரிமை பேசுகிற நாம் கேட்காமல் யார் கேட்பது? வாஷிங்டனிலே சுமார் ஏழு இலட்சம் பேர் வாழ்கிறார்கள், வரி கட்டுகிறார்கள், படையிலும் சேருகிறார்கள். மேல்சபையிலே அவர்களுக்கு ஓர் உறுப்பினர் கூட இல்லை. கீழ்ச்சபையிலே ஒருவர் உண்டு. பேசலாம், வாக்களிக்க முடியாது. 2025 மார்ச்சிலே நிறைவேறிய செலவுச் சட்டம் ஒன்று, அந்த நகரம் தன் சொந்த வரவு செலவுத் திட்டத்திலேயே சுமார் 100 கோடி டாலரைக் குறைத்துக்கொள்ள வேண்டிய இக்கட்டை உண்டாக்கிற்று. நகரத் தலைவர் மியூரியல் பௌசர் அம்மையார், "டாங்கி வருவது நல்லதல்ல; வந்தால் சாலைக்குப் பல மில்லியன் டாலரும் கூடவே வரவேண்டும்" என்ற பொருள்படச் சொன்னார். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது. மத்திய ஆட்சியின் கைப்பிடிக்குள்ளே இருக்கிற நகரம் எவ்வளவு உரக்கப் பேச முடியும்?

ஜூன் 10-இலே டிரம்ப் எச்சரித்தார்: அணிவகுப்பை எதிர்க்க வருபவர்கள் மிகப் பெரும் பலத்தைச் சந்திப்பார்கள் என்று. 'வெறுப்பவர்கள்' மட்டும் என்று பிரித்துச் சொல்லவில்லை, எதிர்ப்பவர் யாராயினும்! அந்த வாரம்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே, கலிஃபோர்னியா மாநில ஆளுநரின் விருப்பத்துக்கு மாறாக, 4,000 தேசியக் காவல் படையினரும் 700 மரைன் வீரரும் அனுப்பப்பட்டிருந்தனர். ஒரு கையிலே பிறந்த நாள் பட்டாசு, இன்னொரு கையிலே துப்பாக்கி. மக்கள் என்ன செய்தார்கள்? 'மன்னர்கள் வேண்டாம்' என்று முழங்கி, நாடெங்கும் ஏறக்குறைய 2,000 இடங்களிலே அதே ஜூன் 14-இல் கூடினார்கள். வாஷிங்டனிலே மட்டும் அமைப்பாளர்கள் கூட்டம் வைக்கவில்லை. டாங்கியின் முன்னே போய் நின்று அவருக்கு ஒரு சண்டைக் காட்சியைத் தருவானேன் என்று எண்ணினார்கள். அது பயமல்ல, நல்ல போர் முறை. நம் இயக்கமும் சில வேளைகளிலே இப்படி ஒதுங்கி நின்று வென்றதுண்டு.

அணிவகுப்பு நாளன்று தூறல். இடி மின்னலுக்குப் பயந்து குறித்த நேரத்துக்கு முன்பே தொடங்கினார்கள். கூட்டம் எதிர்பார்த்த அளவு நெருக்கமாயில்லை என்று நிருபர்கள் எழுதினர்; வெள்ளை மாளிகையோ இரண்டரை இலட்சம் என்றது. கணக்குச் சண்டை நமக்கு வேண்டாம். கூட்டத்துக்குத் தலை எண்ணுகிற கலையிலே எந்த நாட்டு ஆளவந்தாரும் இளைத்தவரல்லர்.

முதல் நாள், ஜூன் 13 வெள்ளிக்கிழமை மாலை நடந்ததைச் சொல்லி முடிப்போம். பாராளுமன்றக் கட்டடத்து வாசலிலே, காக்ஸி புல்லை மிதித்த அந்த வட்டாரத்திலே, ஒரு சிறு கூட்டம் கூடிற்று. முன்னாள் படை வீரர்கள், சிலர் முதியவர்கள். பிறந்த நாள் அணிவகுப்பும் வேண்டாம், மக்கள் மீது படையை ஏவவும் வேண்டாம் என்று சொல்ல வந்தவர்கள். போலீஸ் தடுப்பைத் தாண்டிப் படியை நோக்கிப் போனார்கள் என்பது குற்றச்சாட்டு. சட்டத்துக்கு மாறான ஆர்ப்பாட்டம் என்றும் எழுதிக்கொண்டார்கள். சுமார் 60 பேரைக் கைது செய்து, கைகளைக் கட்டி அழைத்துப் போனார்கள். மறுநாள் மாலை, அவர்கள் ஒரு காலத்திலே அணிந்திருந்த அதே சீருடையிலே, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பர்மிட்டோடு அந்த வீதியிலே நடந்தார்கள்.